எச்சில், கஞ்சி, அயோடின்: மறந்துபோச்சா?

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

"நானோ கார்பன் சென்சாரில் நிரூபணம்! இந்த இலைச் சாறு சர்க்கரையை உண்டாக்கும் நொதியை அடியோடு நிறுத்துகிறது." நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய செய்தி இது. அனுப்பியவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. அதை நம்பி என் சின்ன அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடித்தார். ஐந்தாவது வாரம் சர்க்கரை 400-ஐத் தாண்டி மயங்கி விழுந்தார். ஆறு நாள் ஆஸ்பத்திரி. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த சென்சார் பொய்யில்லை. கார்பன் புள்ளிகள் என்று உண்டு. 10 நானோமீட்டருக்கும் சிறியவை. நானோகுழாய்களைச் சுத்தம் செய்யும்போது 2004-இல் தற்செயலாகக் கிடைத்தவை. புற ஊதா ஒளி பட்டால் மினுங்கும். நம் சிறுகுடலில் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்றொரு நொதி, மாவுச்சத்தின் துண்டுகளைக் குளுக்கோஸாக வெட்டுகிறது. சோதனைக் குழாயில் அது வெட்டும்போது மஞ்சள் நிறம் பிரிகிற மாதிரி ஒரு பொருளைக் கொடுப்பார்கள். மஞ்சள் கூடக் கூட புள்ளிகளின் ஒளி மங்கும். மருந்து நொதியைத் தடுத்தால் ஒளி மங்காது. அவ்வளவுதான் விஷயம்.

இதைத்தானே நாம் வகுப்பில் செய்தோம்? கஞ்சித் தண்ணீரில் எச்சில் கலந்து, கொஞ்ச நேரம் கழித்து அயோடின் விட்டால் நீலம் வராது. நொதி மாவைச் செரித்துவிட்டது. எச்சிலைக் கொதிக்கவைத்து ஊற்றினால் நீலம் வரும், நொதி செத்துவிட்டது. அதற்காக வெந்நீர் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று யாராவது நோட்டில் எழுதினீர்களா? கடுந்தேநீரில் இருக்கும் டானின்கூட குழாயில் பல நொதிகளை முடக்கும். குழாயில் நொதி நிற்பது வேறு, உடம்பில் நோய் அடங்குவது வேறு.

"டீச்சர், நீங்கள் இயற்கை மருந்துக்கு எதிரியா?" என்று கேட்பீர்கள். இல்லை. இதே நொதியைத் தடுக்கும் அகார்போஸ் மாத்திரை மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான். 1970-களில் கண்டுபிடித்தார்கள், அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1995-இல். இடைப்பட்ட காலத்தில் விலங்குகளில், மனிதர்களில், அளவு, பக்கவிளைவு எல்லாம் பார்த்தார்கள். அப்படி வந்த மாத்திரையே வயிற்றில் வாயுவைக் கிளப்பும். இன்சுலினுக்கு மாற்றும் ஆகாது. எந்தச் சோதனையும் பார்க்காத சாறு மட்டும் எப்படி மாற்றாகும்?

சென்சார் என்பது ஆயிரம் பேரில் பத்துப் பேரை வடிகட்டும் நுழைவுத் தேர்வு. அதில் தேறியவனை அன்றைக்கே ஆபரேஷன் தியேட்டருக்குள் விடுவோமா?

பாதி படித்த அறிவியலை அனுப்பும் படித்தவர்கள்மேல்தான் என் கோபம். ஒன்றும் படிக்காத என் அம்மா, தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்வாள்.

இனி அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எதில் சோதித்தார்கள்: குழாயிலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரிடம்? எவ்வளவு நாள்? பதில் இல்லையென்றால் விரலை எடுத்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நாம் இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். திட்ட எனக்கு உரிமை இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் டீச்சர்