மருந்தைத் தந்தால் மட்டும் போதுமா?

2017ஆம் ஆண்டு அயர்லாந்தில் சுமார் 20 நோயாளிகளின் வாழ்க்கை பேசுபொருளானது. பல ஆண்டுகளாக வாரம் ஒருமுறை நரம்பு வழியே மருந்து ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அந்த மருந்துக்கு அரசு பணம் தராது என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை முடிவெடுத்தது.

அவர்களின் நோய்க்கு ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு என்று பெயர். 1963இல் சுவீடன் மருத்துவர்கள் லாரெல், எரிக்சன் ஆகிய இருவரும் இதைக் கண்டறிந்தார்கள். கல்லீரலில் உருவாகும் ஒரு புரதம் நுரையீரலுக்குக் காவலாக இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் அந்தக் காவல் குறைந்துவிடுகிறது. நுரையீரலின் காற்றுப்பைகள் மெல்ல மெல்ல அழிகின்றன. புகைபிடிப்பவருக்கு அழிவு இன்னும் வேகமாக வரும். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இந்நோய் அதிகம். பலர் ஆஸ்துமா என்று எண்ணியே ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெறுகிறார்கள்.

இரத்ததானம் போலப் பிறர் கொடுக்கும் பிளாஸ்மாவிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து ஏற்றுவதே சிகிச்சை. அமெரிக்கா 1987இல் இதற்கு அனுமதி அளித்தது. உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம், வாரம் ஒருமுறை, வாழ்நாள் முழுவதும். இழந்த நுரையீரலை இது மீட்டுத் தராது; அழிவின் வேகத்தைத்தான் குறைக்கும்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. 2015இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில் 180 நோயாளிகள் பங்கேற்றார்கள். சிடி ஸ்கேனில் பலன் தெரிந்தது. ஊதிப் பார்க்கும் சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை. இவ்வளவு விலைக்கு இந்தப் பலன் போதுமா என்று அரசுகள் கேட்கின்றன. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பும் 2019இல் இம்மருந்தைப் பரிந்துரைக்க மறுத்தது.

பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது தவறல்ல. நிறுவனம் சொல்லும் விலைக்கெல்லாம் தலையாட்டவும் முடியாது. ஆனால் அயர்லாந்து நோயாளிகளின் நிலை வேறு. இந்த மருந்து பலன் தருமா என்பதை உலகம் அறிவதற்காக, ஆய்வுக்குத் தங்கள் உடலையே கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களைக் கைவிடாமல் இருப்பது ஓர் அமானிதம் அல்லவா? அதை நிறைவேற்றும் பொறுப்பு அரசுக்கும் உண்டு, நிறுவனத்துக்கும் உண்டு.

நிறுவனம் மருந்தைத் தொடர்ந்து தர முன்வந்த பிறகும், அதை எங்கே, யார் ஏற்றுவது என்ற சிக்கல் எழுந்தது. அதுவரை செவிலியர் வீட்டுக்கே வந்து ஏற்றினார். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். பிறகு அவர் பிள்ளைகளைக் கவனிக்கலாம், வேலைக்குப் போகலாம். மருத்துவமனைக்கு மாறினால், நாலு படி ஏறவே மூச்சு வாங்கும் மனிதர் வாராவாரம் பயணம் செய்து, இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பலவீனமான நுரையீரலோடு மற்ற நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தொற்றுக்கும் அஞ்ச வேண்டும்.

அரிய நோய்களுக்குத் திட்டம் வகுக்கும் எந்த அரசும் மருந்தின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு பாதியிலேயே நிற்கும். வாரத்தில் ஒருநாள் மட்டும் நோயாளியாக இருந்து, மற்ற ஆறு நாளும் தாயாகவோ தகப்பனாகவோ வாழ முடிவதும் சிகிச்சையின் பலன்தான். அதையும் கணக்கில் எழுத வேண்டும்.