துப்பாக்கி அந்தக் கைக்கு எப்படி வந்தது?

2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் கடைகளெல்லாம் தள்ளுபடி அறிவிக்கும் 'பிளாக் ஃப்ரைடே'. மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிறிய ஊர். அங்கே ஓர் அப்பா தன் 15 வயது மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். மறுநாள் அம்மா, மகனைச் சுடும் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். மகனுக்கு அது கிறிஸ்துமஸ் பரிசு.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பையன் போனில் தோட்டாக்களைத் தேடிக்கொண்டிருந்ததை ஆசிரியர் பார்த்துவிட்டார். பள்ளியிலிருந்து அம்மாவுக்குத் தகவல் போனது. அவர் மகனைத் திட்டவில்லை. மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று கேலியாக ஒரு மெசேஜ் அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை, கணக்குத் தாளில் அவன் ஒரு துப்பாக்கியையும் ரத்தம் வழியும் ஓர் உருவத்தையும் வரைந்திருந்தான். மனதில் ஓடும் நினைப்புகள் நிற்கவில்லை, யாராவது உதவுங்கள் என்றும் எழுதியிருந்தான். பெற்றோரை வரச் சொன்னார்கள். வந்தார்கள். சீக்கிரம் மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். பெற்றோர் மகனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை, வேலைக்குத் திரும்பினார்கள். பையன் வகுப்புக்குத் திரும்பினான். அவன் புத்தகப் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அதற்குள்தான் இருந்தது.

அன்று மதியம் அவன் சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தார்கள். 7 பேர் காயமடைந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் அதே சண்டை

இப்படி ஒன்று நடந்ததும் அமெரிக்காவில் ஒரு விவாதம் தொடங்கும். யார் என்ன பேசுவார்கள் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். "துப்பாக்கிதான் காரணம்" என்பார்கள் ஒரு பக்கம். "துப்பாக்கி தானாகச் சுடுமா? சுடுகிற மனிதன்தான் காரணம்" என்பார்கள் மறுபக்கம். மனநோய், வீடியோ கேம், உடைந்த குடும்பங்கள், தனிமை, சோஷியல் மீடியா என்று பட்டியல் நீளும். சில வாரங்களில் செய்தி பழசாகிவிடும். அடுத்த சம்பவத்தில் இதே விவாதம் முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டாவது பக்கம் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கிராமப்புற அமெரிக்காவில் போலீஸுக்கு போன் செய்தால், வந்து சேர நெடுநேரம் ஆகும் இடங்கள் உண்டு. வேட்டை அங்கே தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை, 1791-ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தத்தில் இருக்கிறது. அது தனிமனிதரின் உரிமை என்று 2008-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கிறார். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் சுட்டதில்லை, சுடப்போவதும் இல்லை.

ஆனால், அந்தக் காரணப் பட்டியலில் ஒரு சிக்கல் இருக்கிறது. மனநலப் பிரச்னை எல்லா நாட்டிலும் உண்டு. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் வீடியோ கேம் விளையாடாத பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். விவாகரத்தும் தனிமையும் ஐரோப்பாவில் இல்லையா? இவை மட்டுமே காரணம் என்றால், பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூடு அந்த நாடுகளிலும் அமெரிக்கா அளவுக்கு நடக்க வேண்டும். நடக்கவில்லை. அமெரிக்காவில் 100 பேருக்குச் சுமார் 120 துப்பாக்கிகள் பொதுமக்கள் கையில் இருப்பதாக 2018-ல் 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' என்ற ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது. உலகில் வேறெங்கும் இந்த நிலை இல்லை.

சுட்டவனின் மனதில் என்ன இருந்தது என்ற கேள்விக்குப் பல சமயம் பதிலே கிடைப்பதில்லை. ஆனால், அந்தத் துப்பாக்கி அவன் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு அநேகமாக எப்போதும் பதில் கிடைத்துவிடுகிறது.

பதில் பெரும்பாலும் வீட்டில்தான்

அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்பு கொடுக்கும் 'சீக்ரெட் சர்வீஸ்', பள்ளித் தாக்குதல்களையும் ஆராய்கிறது. 2008 முதல் 2017 வரை நடந்த 41 சம்பவங்களை எடுத்துக்கொண்டு 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்குப் பேர், அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். கள்ளச்சந்தைக்குப் போகவேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.

2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். 20 வயது கொலையாளி கையில் இருந்தவை அவன் அம்மா சட்டப்படி வாங்கி வைத்திருந்த துப்பாக்கிகள். பள்ளிக்குப் போவதற்கு முன்பே அந்த அம்மாவைத்தான் அவன் முதலில் கொன்றிருந்தான்.

அந்தச் சம்பவம் நடந்த ஒரு வாரத்தில், துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான வேய்ன் லாபியர் பேசினார். துப்பாக்கி வைத்திருக்கும் கெட்டவனைத் தடுக்க, துப்பாக்கி வைத்திருக்கும் நல்லவன்தான் வேண்டும் என்றார். அப்படி நடந்ததும் உண்டு. 2022 ஜூலையில் இண்டியானா மாநிலத்தில் ஒரு மாலில் சுட்டுக்கொண்டிருந்தவனை, அங்கே வந்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர் சுட்டு வீழ்த்தினார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் டெக்சஸ் மாநிலம் யுவால்டி நகரத் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டிருந்தார்கள். அங்கே ஆயுதம் ஏந்திய 376 அதிகாரிகள் வந்து குவிந்தும், கொலையாளியை நெருங்கி வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. 'நல்லவர்' வந்து சேரும் வரை காத்திருப்பதற்கான விலை என்ன என்பதை யுவால்டியின் பெற்றோர் அறிவார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

1996 மார்ச் மாதம் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் புகுந்தவன் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றான். அவன் உரிமம் பெற்றே கைத்துப்பாக்கிகள் வைத்திருந்தான். பெற்றோரும் ஊர்மக்களும் திரண்டு கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 1997-ல் கொண்டுவரப்பட்ட சட்டங்களால், பிரிட்டனில் தனியார் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது.

அதே 1996 ஏப்ரல் 28-ல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைக் கொன்றான். பிரதமர் ஜான் ஹோவர்ட் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவருடையது வலதுசாரிக் கூட்டணி; துப்பாக்கி வைத்திருந்த விவசாயிகள் பலரும் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். ஆனாலும் 12 நாட்களில் எல்லா மாநிலங்களையும் உட்காரவைத்து ஒப்பந்தம் செய்தார். படபடவென்று சுடக்கூடிய அரைத்தானியங்கி ரைஃபிள்களுக்குத் தடை வந்தது. உரிமம் வேண்டும் என்றால் நியாயமான காரணம் காட்டவேண்டும். 'தற்காப்புக்காக' என்பது காரணமாகாது. 28 நாள் காத்திருக்கவேண்டும். வீட்டில் பூட்டித்தான் வைக்கவேண்டும். அரசே பணம் கொடுத்து சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை வாங்கி அழித்தது. எதிர்ப்பாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், ஹோவர்ட் கோட்டுக்குள் குண்டு துளைக்காத உடை அணிந்து பேச வேண்டியிருந்தது.

சட்டம் போட்டால் எல்லாம் நின்றுவிடுமா? நிற்காது. ஜப்பானில் மிகக் கடுமையான கட்டுப்பாடு இருந்தும், 2022-ல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை ஒருவன் தானே செய்த துப்பாக்கியால் கொன்றான். 2025 டிசம்பரில் சிட்னியின் போண்டி கடற்கரையில் யூதர்களின் பண்டிகை நிகழ்ச்சியில் ஓர் அப்பாவும் மகனும் சுட்டதில் 15 பேர் இறந்தார்கள். அப்பா உரிமம் பெற்றுத் துப்பாக்கிகள் வைத்திருந்தவர். உடனே ஆஸ்திரேலியா, ஒருவருக்கு எத்தனை துப்பாக்கி, யாருக்கு உரிமம் என்பதை மறுபடியும் பேச ஆரம்பித்தது. அங்கே முதலில் எழுந்ததும் அது எப்படிக் கைக்கு வந்தது என்ற கேள்விதான்.

உரிமை இருக்கும் இடத்தில் எது முடியும்?

ஆஸ்திரேலியா செய்ததை அப்படியே அமெரிக்காவால் செய்ய முடியாது. அரசியல் சட்டம் குறுக்கே நிற்கும். ஆனால், ஒன்றுமே செய்ய முடியாது என்பதும் உண்மையில்லை.

துப்பாக்கிப் பிரியர்கள் நிறைந்த ஃபுளோரிடாவில் 2018 பிப்ரவரியில் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். மூன்றே வாரங்களில், குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். துப்பாக்கி வாங்கும் வயது 21 ஆனது. ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்று போலீஸ் நீதிமன்றத்தில் காட்டினால், அவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கலாம். 'ரெட் ஃபிளாக்' சட்டம் என்பது இதைத்தான்.

மிச்சிகன் 2023-ல், பிள்ளைகள் எடுக்க வாய்ப்புள்ள வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கவேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2024-ல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவனின் அம்மாவும் அப்பாவும் தனித்தனி விசாரணைகளில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டுகள் சிறை. பிள்ளை நடத்திய பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் நடந்த மரணங்களுக்குப் பெற்றோரையே பொறுப்பாக்கித் தண்டித்தது அமெரிக்காவில் அதுதான் முதல்முறை. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. உரிமையோடு சேர்ந்து வரும் கடமையைத்தான் கேட்டது.

பூட்டி வைப்பதால் கிடைக்கும் பலன் இதோடு முடிவதில்லை. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். கூட்டக் கொலைகளில் இறந்தவர்கள் மொத்த எண்ணிக்கையில் சிறு பங்குதான். வாழ்க்கை வெறுத்துப்போகும் ஒரு நேரத்தில் துப்பாக்கி கைக்கெட்டாமல் இருந்தால், அந்த நேரத்தைக் கடந்து வந்துவிட வாய்ப்பு அதிகம். பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்கள் இளையவர்களின் தற்கொலையையும் தவறுதலாகச் சுடும் விபத்துகளையும் குறைக்கின்றன என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக, எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த 'ராண்ட்' நிறுவனம் சொல்கிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பெற்றோருக்கு ஒரு யோசனை சொல்லிவருகிறார்கள். பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன் அந்த வீட்டாரிடம் கேளுங்கள்: "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" வேர்க்கடலை அலர்ஜி பற்றியும் நீச்சல்குளம் பற்றியும் சொல்லிவைப்பதுபோல இதையும் கேட்டுவிடவேண்டும் என்கிறார்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும்தான். டெக்சஸிலும் மிச்சிகனிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் கூச்சமாக இருக்கலாம். அப்படிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தோன்றும். துப்பாக்கியைப் பொறுப்பாக வைத்திருப்பவர்கள் தப்பாக நினைக்கமாட்டார்கள். பூட்டி வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். பதில் சொல்லத் தயங்கினால், பிள்ளைகள் இரண்டு பேரும் அன்று நம் வீட்டிலேயே விளையாடட்டும்.