பையில் கூல் லிப் இருந்தால் உடனே டி.சி.யா? சட்டம் சொல்வது என்ன?

மாணவனின் பையில் கூல் லிப் சிக்கினால், "டி.சி. குடுத்து அனுப்பிடுங்க சார்" என்ற குரல்தான் முதலில் எழும். மத்த பிள்ளைகளும் கெட்டுப்போயிடுவாங்களே என்ற பெற்றோரின் பயம் நியாயமானதே. ஆனால், வெளியே அனுப்பப்படும் அந்தப் பிள்ளை எங்கே போவான்?

2022 மே மாதம், ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்கள் டி.சி. கொடுத்து நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், நடத்தைச் சான்றிதழில் காரணமும் எழுதப்படும் என்று பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் கூறினார். ஆசிரியர்களிடம் மாணவர்கள் அத்துமீறிய வீடியோக்கள் பரவிய நேரம் அது. போதைக்காக மட்டும் வந்த அறிவிப்பு அல்ல என்றாலும், 'தப்பு செஞ்சா வெளியே' என்ற மனநிலைக்கு அது நல்ல உதாரணம்.

8-ம் வகுப்பு வரை நீக்க முடியுமா?

முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 16-வது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. சிக்கல் 9-ம் வகுப்பில் தொடங்குகிறது. பழக்கம் தொற்றும் வயதில்தான் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது.

நகரத்தில் அடுத்த தெருவிலேயே இன்னொரு பள்ளி இருக்கலாம். மயிலத்தைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளை, கூட்டேரிப்பட்டில் பஸ் பிடித்து திண்டிவனம் வரை போக வேண்டியிருக்கும். சான்றிதழில் காரணம் இருந்தால் அங்கே மட்டும் யார் சேர்த்துக்கொள்வார்கள்? கடைசியில் அவன் போய் நிற்பது, அந்தப் பாக்கெட்டை விற்றவன் பக்கத்தில்தான்.

விற்றவருக்கு என்ன தண்டனை?

சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி, குழந்தைக்குப் புகையிலையோ போதைப் பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். போதைக்குள் இழுக்கப்படும் ஆபத்தில் உள்ள குழந்தையை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவராகவே அதே சட்டம் பார்க்கிறது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது என்பது 2003-ம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை வேறு. அப்படியும் பிள்ளைகள் கைக்கு கூல் லிப் வருகிறது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இது குறித்துக் கவலை தெரிவித்தது.

இன்னொன்று: சிறிய அளவு போதைப் பொருளுடன் சிக்கிய, அந்தப் பழக்கத்துக்கு அடிமையானவர், தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு பெற என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு வழி தருகிறது. பெரியவங்களுக்கே இப்படி ஒரு வாய்ப்பு!

அமெரிக்காவில் என்ன ஆனது?

2003-ல் அரிசோனா மாநிலப் பள்ளி ஒன்றில், வலி மாத்திரை வைத்திருக்கிறாரோ என்ற சந்தேகத்தில் 13 வயது மாணவியின் உடையைக் களையச் சொல்லிச் சோதித்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அந்தச் சோதனை அரசமைப்புக்கு எதிரானது என 2009-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய கெடுபிடியால் பள்ளிகள் பாதுகாப்பானதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழுவும் சொல்லிவிட்டது.

பள்ளிக்குள் விற்கும் மாணவன் விஷயம் வேறு. அது சிறார் நீதி வாரியம் வரை போகலாம். பழக்கத்தில் சிக்கிய பிள்ளைக்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உள்ளன. டி.சி. புத்தகத்தை எடுக்கும் முன் பள்ளி அழைக்க வேண்டிய எண்கள் இவை.