37,000 அடி உயரத்துல யார் மேல யாரு மோதினது?

"பறவை மோதியதால் விமானம் அவசரமாகத் தரையிறக்கம்." இப்படி ஒரு தலைப்பை நீங்களும் படிச்சிருப்பீங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் இந்த 'பறவை மோதியதால்'ங்கற வார்த்தைதான் இடிக்கும். மணிக்கு எண்ணூறு சொச்சம் கிலோமீட்டர் வேகத்துல வந்தது எது? எதிர்ல தேமேன்னு மிதந்துக்கிட்டு இருந்தது எது? லாரி ஆட்டுமேல ஏறினா 'ஆடு மோதி லாரி சேதம்'னா எழுதுவோம்? (எழுதினாலும் எழுதுவாங்க!)

சரி, மேட்டருக்கு வர்றேன். 1973 நவம்பர் 29. மேற்கு ஆப்பிரிக்காவுல ஐவரி கோஸ்ட் நாட்டு அபிஜான் நகருக்கு மேல ஒரு பயணிகள் விமானம் 37,000 அடியில பறந்துக்கிட்டு இருக்கு. திடீர்னு ஒரு மோதல். ஒரு எஞ்சின் பழுதாகி, அதை நிறுத்த வேண்டியதாப் போச்சு. விமானம் அபிஜான்லயே பத்திரமா இறங்கிருச்சு. எஞ்சின்ல மிச்சம் இருந்தது முழுசா அஞ்சு இறகு, துண்டு துக்கடாவா பதினஞ்சு. அமெரிக்காவுல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல ராக்ஸி லேபோர்ன்னு ஒரு அம்மா, அந்த இறகுகளைப் பாடம் பண்ணி வச்ச பறவைகளோட ஒப்பிட்டுப் பார்த்து, ரூப்பெல் பாறுன்னு அடையாளம் சொன்னாங்க. ('பிணந்தின்னிக் கழுகு'ன்னு எழுத எனக்கு மனசு வரல. பாறுன்னு நல்ல தமிழ்ப் பேரு இருக்கு, அதையே வச்சுக்கறேன்.)

37,000 அடின்னா எவரெஸ்டுக்கு மேல இன்னும் எட்டாயிரம் அடி. குளிர் மைனஸ் 55 டிகிரி பக்கம். காற்றழுத்தம் தரையில இருக்கறதுல அஞ்சுல ஒரு பங்கு. நம்மள அங்க முகமூடி இல்லாம விட்டா ஒரு நிமிஷத்துக்குள்ள சுயநினைவு போயிரும். அந்தப் பாறுவோட ரத்தத்துல ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கிற ஹீமோகுளோபின் இருக்கு. அதான் தாக்குப் பிடிக்குது.

இன்னிக்கும் 'உலகிலேயே உயரமாகப் பறக்கும் பறவை'ன்னு எங்க பட்டியல் போட்டாலும் முதல் இடம் இதுக்குத்தான். எனக்கு உறுத்தறது இங்கதான். அந்த 37,000ங்கறது பறவையோட கணக்கே இல்லைங்க, விமானி குறிச்சு வச்ச உயரம். செத்ததாலதான் அது சாதனை. மேல ஏறிட்டு சத்தம் போடாம இறங்கிப் போன பாறுகளுக்கு எந்தப் பட்டியல்லயும் இடம் கிடையாது. 1963ல அமெரிக்காவுல நெவாடாவுக்கு மேல 21,000 அடியில ஒரு காட்டு வாத்து விமானத்துல அடிபட்டுச்சு. அதுக்கும் இதே மாதிரிதான் பேரு கிடைச்சது.

இன்னொரு வழியும் இருக்கு பாருங்க. பட்டைத்தலை வாத்து, அதாங்க, குளிர்காலத்துல நம்ம திருநெல்வேலி கூந்தங்குளத்துக்கு வருமே, அதே ஆசாமி. இமயமலையைத் தாண்டிப் போற பறவை. எவரெஸ்டுக்கு மேலயே பறக்கும்னு ரொம்ப நாளா கதை ஓடிச்சு. விஞ்ஞானிங்க உடம்புல கருவி கட்டிப் பார்த்தப்ப கிடைச்ச அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர், அதாவது 24,000 அடி பக்கம். அதுவும் எப்பவாவதுதான். மத்தபடி மலை ஏறினா ஏறி, இறங்கினா இறங்கி, தரையை ஒட்டியே போகுது. மேலயே ஒரே மட்டத்துல பறக்கறதை விட இதுலதான் சக்தி மிச்சமாம். பறவை எப்படி வாழுதுன்னு இது சொல்லுது. அபிஜான் கணக்கு அது எப்படிச் செத்துச்சுன்னு மட்டும்தான் சொல்லுது.

'மனுஷ உயிரை விட பறவை பெரிசா?'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 1960ல பாஸ்டன்ல ஒரு விமானம் கிளம்பின உடனே ஸ்டார்லிங் கூட்டத்துக்குள்ள புகுந்து விழுந்துச்சு (ஸ்டார்லிங் நம்ம மைனாவுக்குச் சொந்தக்காரன்). 62 பேர் செத்தாங்க. லேபோர்ன் அம்மா இந்த இறகு ஆராய்ச்சியில இறங்கினதே அந்த விபத்துக்கு அப்புறம்தான். எந்தப் பறவை, எவ்ளோ எடைன்னு தெரிஞ்சாத்தானே எஞ்சினை எதுக்குத் தாங்குற மாதிரி செய்யணும்னு தெரியும்? இன்னிக்குப் பெரிய எஞ்சின்களைச் சோதிக்கும்போது உள்ள விடுற ஒத்தைப் பறவையோட எடை அதிகபட்சம் 3.65 கிலோ. ரூப்பெல் பாறு ஆறு கிலோவுக்கு மேல!

அதனால என் கட்சி இதுதான்: முதல்ல யாருன்னு கண்டுபிடி, அப்புறம் கை வை. நியூயார்க்ல இது தலைகீழா நடந்துச்சு. 2009 ஜனவரி 15, ஹட்சன் ஆத்துல விமானம் இறங்கின கதை எல்லாருக்கும் தெரியும். 2,800 அடி உயரத்துல கனடா வாத்துக் கூட்டம், ரெண்டு எஞ்சினும் காலி, 155 பேரும் பிழைச்சாங்க. ஸ்மித்சோனியன் ஆளுங்க எஞ்சின்ல கிடைச்ச இறகுகளை ஆராய்ஞ்சு, அதெல்லாம் வடக்கே லாப்ரடார் பக்கத்துலருந்து வலசை வந்த வாத்துங்கன்னு சொன்னாங்க. ஊர்லயே குடியிருக்கற வாத்துங்க இல்ல. ஆனா அந்த வருஷக் கோடையில பிடிச்சுக் கொன்னது யாரை? நியூயார்க் பூங்காக்கள்ல இருந்த உள்ளூர் வாத்துங்களை. ஆயிரத்துக்கும் மேல. ஜூன், ஜூலைல சிறகு உதிர்ந்து பறக்கவே முடியாத நேரம் பார்த்து வளைச்சுட்டாங்க. உள்ளூர் வாத்தும் விமானத்துக்கு ஆபத்துதான், மறுக்கல. ஆனா ஜனவரி கணக்கைத் தீர்த்த மாதிரி காட்டிக்கிட்டதுதான் எனக்குச் சகிக்கல.

ரூப்பெல் பாறு கதைக்கு வந்தா, 2015ல அதை அழிவின் விளிம்புல இருக்கற இனம்னு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியல்ல சேர்த்துருச்சு. காரணம் விமானம் இல்லீங்க. விஷம் வச்ச மாட்டு உடல், நாட்டு வைத்தியத்துக்கும் மாந்திரீகத்துக்கும் தலையை வெட்டி விக்கற சந்தை. எல்லாம் தரையில நடக்கறது.