இருபது முறை இழுத்தும் எழும்பாத இன்ஜின்

ஜனவரி மாதம். டொரான்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் ஒரு வீடு. இரவு ஒன்பது மணிக்கு வாசலில் முழங்கால் அளவு பனி. வெளியே மைனஸ் 15 டிகிரி.

வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஆறு மணிக்குக் கார் வெளியே போயாக வேண்டும். கணவருக்குப் போன வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். 'பனி அள்ளுற ஷவலைத் தொடவே கூடாது' என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அந்த நேரத்தில் கனத்த பனியைக் குனிந்து அள்ளினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. மதுரையிலிருந்து மகளைப் பார்க்க வந்திருக்கும் மாமனாருக்கோ வயது எழுபது.

மிச்சம் இருப்பது கராஜில் நிற்கும் ஆரஞ்சு நிற ஸ்னோ ப்ளோயர். வீட்டை விற்றவர் விட்டுப்போனது. முன்னால் சுழலும் பெரிய திருகு பனியை வாரி உள்ளே இழுக்கும். அதன் பின்னால் இருக்கும் இறக்கைச் சக்கரம் அதைக் குழாய் வழியாகத் தூர வீசும். பனிக்கென்றே பிறந்த ஊர்களின் கண்டுபிடிப்பு இது. 1925-ல் இதை ஓட்டிக் காட்டியவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்ட்.

இந்த வீட்டு மெஷினில் இருப்பது எட்டுக் குதிரைத்திறன் டெகம்சே இன்ஜின். அந்தக் கம்பெனி 2008-லேயே இன்ஜின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் கனடா, அமெரிக்கா கராஜ்களில் அவை இன்னும் உறுமிக்கொண்டுதான் இருக்கின்றன.

மாப்பிள்ளை கயிற்றை இழுத்தார். இருபது இழுப்பு. ஒரு செருமல்கூட இல்லை.

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இழுக்காதீங்க மாப்பிள்ளை, இங்க குடுங்க" என்று மாமனார் வந்து நின்றார். முப்பது வருஷம் பழைய ஸ்கூட்டரைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கிளப்பியவர் அவர். பனியை இப்போதுதான் பார்க்கிறார் என்றாலும், இன்ஜின் அவருக்குப் பழைய சிநேகிதம்.

முதலில் சின்ன விஷயங்கள். பிளாஸ்டிக் சாவி உள்ளே அழுந்தியிருக்கிறதா? பெட்ரோல் வால்வு திறந்திருக்கிறதா? சோக் முழுதாகப் போட்டாயிற்றா? ரப்பர் பிரைமரை மூன்று தடவை அமுக்கியாயிற்றா? எல்லாம் சரி. (சாவி சரியாக அழுந்தாமலேயே கை வலிக்க இழுத்தவர்கள் அந்த ஊரில் உண்டு.)

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். முனை காய்ந்து கிடந்தது. அங்கேயே பாதி விடை வந்துவிட்டது. பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறியில் கோளாறு இருக்கலாம், இல்லை பெட்ரோல் அதிகமாகிவிட்டிருக்கலாம். காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை.

"டேங்க்ல இருக்கிற பெட்ரோல் எப்பப் போட்டது மாப்பிள்ளை?"

"போன மார்ச்சுல மாமா."

மாமனார் சிரித்தார். பத்து மாசப் பெட்ரோல்! பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகிற பகுதிதான் குளிரில் தீப்பிடிக்க உதவுவது. அதுதான் முதலில் பறந்துபோகும். மிஞ்சுவது கார்பரேட்டருக்குள் பிசினாகப் படியும். கூடவே கலந்திருக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துவைக்கும்.

ஆனாலும் அவர் உடனே கார்பரேட்டரில் கைவைக்கவில்லை. பிளக் ஓட்டை வழியாக அரை ஸ்பூன் புதுப் பெட்ரோல் விட்டு, சிந்தியதைத் துடைத்து, பிளக்கை மாட்டி ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கலாம் என்றார். குளிருக்குப் பயந்து, கராஜ் கதவைப் பாதி திறந்துவைத்து உள்ளேயே இழுக்கப் போனார். மாப்பிள்ளை தடுத்துவிட்டார். "வேண்டாம் மாமா, புகை வீட்டுக்குள்ள ஏறிடும்." பிடிவாதம் இல்லை, நியாயம்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கராஜை ஒட்டிய வீடென்றால் படுக்கையறை வரைக்கும் கசியும். கதவைத் திறந்துவைத்தால் போதும் என்பது ஆபத்தான நம்பிக்கை.

இருவரும் மெஷினை வாசலுக்குத் தள்ளினார்கள். ஒரே இழுப்பு. இரண்டு விநாடி படபடத்து இன்ஜின் நின்றது. பொறி இருக்கிறது, கம்ப்ரஷனும் இருக்கிறது. குற்றவாளி கார்பரேட்டர்தான்.

உள்ளே கொண்டுவந்து, ஹீட்டரை அணைத்து, கதவை நன்றாகத் திறந்துவைத்து, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு வேலை தொடங்கியது. தகர மூடியைக் கழற்றியதும் மாமனார் திகைத்தார். "ஏர் ஃபில்டர் எங்க?" கிடையாது. பனிக்காலத்தில் தூசி இல்லை. ஃபில்டர் இருந்தால் பனி ஒட்டி உறைந்து மூச்சு அடைத்துவிடும். அந்தத் தகரப் பெட்டி சைலன்சரின் சூட்டைக் கார்பரேட்டர் பக்கம் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான்.

பெட்ரோல் வால்வை மூடி, அடியில் இருக்கும் போல்ட்டைத் திருப்பிக் கிண்ணத்தை இறக்கினார்கள். அடியில் டீ டிகாஷன் நிறத்தில் பசை. அந்த போல்ட்டும் சாதாரண போல்ட் இல்லை. பெட்ரோல் அதன் வழியாகத்தான் மேலே ஏறும். பக்கவாட்டில் ஒரு துளை. கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, எலெக்ட்ரிக் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியால் துளையைக் குத்தினார் மாமனார். ஊசியோ டிரில்லோ கூடாது. துளை பெரிதானால் பெட்ரோல் கணக்கு மாறிவிடும்.

பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, டிசம்பரில் வாங்கிய கேனிலிருந்து ஊற்றினார்கள். வெளியே தள்ளி, மூன்றாவது இழுப்பில் இன்ஜின் எழுந்தது. மகள் ஜன்னலில் கைதட்டினாள். ஆனால் சத்தம் சரியில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. சோக்கைப் பாதி போட்டால் நிதானமாகிறது. அப்படியென்றால் பெட்ரோல் இன்னும் போதவில்லை.

பலரும் இந்த இடத்தில் பாதி சோக்கிலேயே ஓட்டிவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். மாமனாருக்கு மனசு ஒப்பவில்லை. மணி பதினொன்று. மறுபடியும் போல்ட் வெளியே வந்தது. டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய துளைக்கு மேலே, மரைக்குப் பக்கத்தில், மயிரிழை போல இன்னொரு துளை! அழுக்கு அடைத்து இருந்த இடமே தெரியவில்லை. கம்பி நுழைந்து, ஸ்பிரே மறுபக்கம் பீய்ச்சியதும், "இதுதான்யா!" என்றார், மாப்பிள்ளை என்பதையும் மறந்து.

இந்த முறை இன்ஜின் ஒரே சீராக ஓடியது.

பனிக்குள் இறங்கிய பத்தாவது நிமிஷம் இடதுபக்கத் திருகு சுற்றவில்லை. உறைந்த கட்டியில் மோதி ஷியர் போல்ட் ஒடிந்திருந்தது. அது கோளாறு இல்லை. ஒடிவதற்கென்றே மெதுவான இரும்பில் செய்வது அது. அதற்குப் பதில் கெட்டியான போல்ட் போட்டால், அடுத்த முறை கியர்பாக்ஸ் ஒடியும். நல்லவேளை, பழைய உரிமையாளர் இரண்டு போல்ட்டைக் கைப்பிடியில் டேப் போட்டு ஒட்டிவைத்திருந்தார்.

சாலையோரம் வந்தபோது குழாயில் ஈரப்பனி அடைத்துக்கொண்டது. இன்ஜினை நிறுத்திய மாமனார் கையுறையோடு உள்ளே கையை விடப் போனார்.

"மாமா!"

மாப்பிள்ளை போட்ட கத்தலில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. இன்ஜின் நின்றாலும் பெல்ட்டின் இறுக்கம் அடங்கியிருக்காது. அடைப்பு விலகிய நொடியில் இறக்கை ஒரு சுற்று சுற்றும். ஒரு சுற்று போதும், விரல் போய்விடும். வருஷா வருஷம் இப்படி விரல் இழப்பவர்கள் இருக்கிறார்கள். குச்சியால்தான் குத்தி எடுக்க வேண்டும். மாமனார் ஒன்றும் பேசவில்லை. துடைப்பக் கட்டையை வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு வாசல் தெரிந்தது. பெட்ரோல் வால்வை மூடி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டார்கள். இப்போது கிண்ணத்தில் பிசினாகப் பெட்ரோல் மிச்சமில்லை. மாமனார் மார்க்கர் பேனாவை எடுத்துக் கேன் மேல் வாங்கிய மாசத்தைத் தமிழில் எழுதினார். மகளுக்கு அலாரம் ஐந்து மணிக்கு.