அவ்ரோவுக்கு மாற்றுத் தேடிய ஒன்பது ஆண்டுகள்

2019 ஒக்டோபரில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் பிரான்சுக்குச் சென்று, முதலாவது ரபேல் போர் விமானத்தின் மீது 'ஓம்' எழுதி, தேங்காய் வைத்து, சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழமும் வைத்துப் பெற்றுக்கொண்டார். 36 ரபேல்களை வாங்கப்போவதாகப் பிரதமர் மோடி பாரிசில் அறிவித்தது 2015 ஏப்பிரலில். ஒப்பந்தம் கைச்சாத்தானது 2016 செப்டெம்பரில். பதினேழே மாதங்கள்.

இனி, சிப்பாயும் அரிசி மூட்டையும் ஏறிச் செல்லும் விமானத்தின் கதைக்கு வருவோம்.

அவ்ரோ-748 இந்திய விமானப்படையில் 1960களில் சேர்ந்தது. பின்புறச் சாய்தளக் கதவு இல்லாத, பயணிகள் விமானமாகப் பிறந்த ஒன்று. அவற்றுக்குப் பதிலாக 56 விமானங்கள் வாங்கப் பாதுகாப்புக் கொள்வனவுச் சபை இணங்கியது 2012இல். கேள்விப்பத்திரம் வெளியானது 2013இல். 16 விமானங்கள் வெளிநாட்டிலிருந்து முழுமையாக வரவேண்டும். எஞ்சிய 40ஐ இந்தியத் தனியார் நிறுவனம் ஒன்று உள்நாட்டில் தயாரிக்கவேண்டும் என்பது நிபந்தனை. அரசுத் தொழிற்சாலைகளை ஏன் ஒதுக்கினீர்கள் என்று அரசாங்கத்துக்குள்ளிருந்தே எதிர்ப்புக் கிளம்பிற்று. இறுதியில் வந்து சேர்ந்த விலைமனு ஒன்றே ஒன்று: எயார்பஸ்-டாட்டா கூட்டின் சி-295.

தனியொரு விலைமனுவை ஏற்கலாம் என 2015இல் முடிவாயிற்று. ஒப்பந்தமோ 2021 செப்டெம்பரில்! பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை ஒருவரே. அவருடைய சாதகத்தை ஆறு வருடம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் விமானம் கையளிக்கப்பட்டது 2023 செப்டெம்பரில், ஸ்பெயினின் செவில் நகரில்.

உள்நாட்டில் விமானக் கைத்தொழிலை வளர்க்கும் நோக்கத்தை நான் குறைகூறவில்லை. அது நல்ல நோக்கமே. ஆனால் அந்த 16 விமானங்கள் முதலிலிருந்தே ஸ்பெயினில் தயாராகி வரவேண்டியவை. வடோதராத் தொழிற்சாலைக்கான பேரம் முடியும்வரை அவை ஏன் காத்திருக்கவேண்டும்? 40க்கான பேரம் ஒருபுறம் நடக்க, 16ஐ 2015இலேயே தனியாக வாங்கியிருக்கலாம். கைத்தொழிற் கொள்கையையும் படையின் தேவையையும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள், கயிறு அறுந்தால் எவர் விழுவார் என்று எண்ணிப் பார்க்கவில்லை. கோப்பில் ஒப்பமிடுகிறவர்கள் இந்த விமானங்களில் ஏறுவது அபூர்வம்.

எங்கள் தலைமுறைச் செய்தியாளருக்கு அவ்ரோ என்பது வெறும் பெயரன்று. இலங்கை விமானப்படையும் அதையே வைத்திருந்தது. 1995 ஏப்பிரல் இறுதியில், பலாலியில் அடுத்தடுத்த இரு நாட்களில் இரு அவ்ரோக்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அவை வீழ்ந்தது ஏவுகணையால், பழமையால் அல்ல. ஆனால் போக்குவரத்து விமானம் ஒன்று விழும்போது எத்தனை வீடுகளில் ஒப்பாரி எழும் என்பதை அப்போது கண்டோம். போர் விமானத்தில் இருப்பவர் ஒருவர், மிஞ்சினால் இருவர்.

2016 யூலை 22ஆம் திகதி தாம்பரத்திலிருந்து போட் பிளேயருக்குப் புறப்பட்ட அன்டனோவ்-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. அது அவ்ரோ அன்று. பழமைதான் காரணமென்று சொல்லவும் என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் அதுவும் 1980களில் வாங்கத் தொடங்கிய வகை. அவற்றைப் புதுப்பிக்க உக்ரேனுடன் 2009இல் செய்த ஒப்பந்தம், 2014இல் அங்கே மூண்ட நெருக்கடியில் தடுமாறியது. காணாமற்போன விமானத்தின் சிதைவுகள் சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீற்றர் தொலைவில், 3,400 மீற்றர் ஆழத்தில் கிடப்பதாக அறிவிக்கப்பட்டது 2024 சனவரியில். ஏழரை ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் எதை நம்பியிருந்திருக்கும்?

இடையே 2019 யூனில், அருணாசலப் பிரதேச மலைகளில் இன்னொரு அன்டனோவ்-32 மோதிப் பதின்மூவர் மாண்டனர். 18 முதல் 30 தொன் வரை சுமக்கும் நடுத்தரப் போக்குவரத்து விமானத்துக்காக உற்பத்தியாளர்களிடம் விமானப்படை தகவல் கோரியது 2022 டிசெம்பரில். கேள்விப்பத்திரம்கூட அல்ல, வெறும் தகவற் கோரிக்கை. தாம்பரம் விமானம் கடலில் வீழ்ந்து அப்போது ஆறு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் ஆகியிருந்தன.