இன்றைக்கும் டியூப் வேண்டுமா?

நம் வயதுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதலில் கையில் ஊசி, அடுத்தது சிறுநீர் டியூப். எதற்காகப் போட்டார்கள் என்று கேஸ் ஷீட்டில் தேடினால் பல சமயம் ஒரு வரியும் இருக்காது. எழுந்து நடக்கக்கூடியவருக்கும் டியூப்! 'தாத்தா படுக்கையை நனைச்சிடுவார்' என்பது மருத்துவக் காரணமா? பெட்பேன் எடுக்கிற வேலை மிச்சம், அவ்வளவுதான்.

சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கும், மணிக்கு மணி அளவு பார்க்க வேண்டிய கவலைக்கிடமான நோயாளிக்கும் அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் டியூப் இருக்கிற ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 7 என்பது மருத்துவ உலகமே ஒப்புக்கொண்ட கணக்கு. ஒரு மாதம் இருந்தால் அநேகமாக எல்லோருக்கும் சேர்ந்துவிடும். தொட்டியில் பாசி பிடிப்பதுபோல் கிருமிகள் டியூபில் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அதற்குள் மருந்து சரியாகப் போவதில்லை. 'ஆன்டிபயாடிக் போட்டிருக்கோம், பயப்படாதீங்க' என்கிற சமாதானத்தை நான் ஏற்பதில்லை.

என் மைத்துனருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். மூன்றாம் நாளே வாக்கர் பிடித்து நடந்தார், அதில் பையை மாட்டிக்கொண்டு! டியூபை எடுத்தது 9ஆம் நாள், குளிர்ஜுரம் வந்த பிறகு. நடுவில் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போன பையன் பையைத் தூக்கி அவர் வயிற்றின் மேலேயே வைத்தான். பை உயர்ந்தால் பழைய சிறுநீர் திரும்ப உள்ளே போகாதா? அந்த ஜுரத்துக்கும் சேர்த்தே பில் போட்டார்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், ஆஸ்பத்திரியில் வந்த இந்தத் தொற்றுக்கு 2008 அக்டோபர் முதல் கூடுதல் பணம் தருவதில்லை. இங்கே நாமே கட்டுகிறோம்.

சர்க்கார் ஆபீஸில் ஒரு தற்காலிகப் பணியிடம் தொடர நீட்டிப்பு ஆணை வேண்டும். வராவிட்டால் சம்பள பில் ஆட்சேபணையோடு திரும்பி வரும். அந்தக் கோப்புகளோடு மாரடித்தவன் சொல்கிறேன், டியூபுக்கும் அதே விதியைப் போடுங்கள். தினமும் காலையில் டாக்டர் காரணம் எழுதிக் கையெழுத்திடட்டும். காரணம் இல்லையென்றால் சிஸ்டரே எடுத்துவிட அதிகாரம் கொடுங்கள்.

அதுவரை, கூட இருக்கிற பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் 'இன்றைக்கும் டியூப் வேண்டுமா சார்?' என்று கேட்க வேண்டும். பை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். டியூபைப் பையிலிருந்து கழற்றி மாட்டி விளையாடக் கூடாது. தொடுகிறவர் கை கழுவினாரா என்று பார்க்க வேண்டும். முறைத்தால் முறைக்கட்டும்.